பாராதார் விதி: திருச்சி, ஸ்ரீரங்கம் ரசிகர்கள் குறித்து ஓர் ஆய்வு

கரும்பு எத்தனை மாதத்தில் விளையும் என்று சொல்ல இந்த ஜில்லாவில் ஆள் இருக்கிறது. ‘படம் மொக்க’ என்ற கருத்து எத்தனை நிமிடத்தில் விளைகிறது, எந்த மண்ணில் நன்றாக வருகிறது, அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவது யார் என்று சொல்லத்தான் ஆளில்லை. சினிமாவோ, சீரியலோ, நாவலோ, பாட்டோ, ரசிகன் மனசில் பட்டதை ஒளிக்காமல் சொல்கிறான் என்று நம்பி, அவன் சொன்னதை மட்டும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம். சொன்னபோது அவன் அதைப் பார்த்திருந்தானா என்ற எளிய கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பாதியில் தொய்வு என்ற பெயர் வராமலிருக்கும். ஒரு படைப்பைப் பற்றிய கருத்தின் உறுதி, அந்தப் படைப்போடு கருத்தாளருக்குள்ள பழக்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. முழுக்கப் பார்த்தவர் தடுமாறுவார். இடைவேளையில் எழுந்து வந்தவர் தெளிவாகப் பேசுவார். பார்க்காதவரை அசைக்க முடியாது. இதற்குப் ‘பாராதார் விதி’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

ஆய்வுக்களம் தெற்கே சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட் முதல் வடக்கே கொள்ளிடம் வரை. இந்தக் களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தென்னிந்திய ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கியது இதே திருச்சியில்தான். வேலையை விட்டுவிட்டுக் கூடாரமும் கருவியுமாக ஊர் ஊராகக் கிளம்பினார். அந்தப் படங்களைப் பலமுறை பார்த்திருக்கக்கூடிய டூபான், அவற்றை விற்றுவிட்டுத் தம் நாட்டுக்குத் திரும்பும் யோசனையில் இருந்தார் என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

களப்பணி தியேட்டர் வாசலில் தொடங்குகிறது. காட்சி விட்டதும் வெளியே வருகிறவர் முகத்தில் ஒன்றும் இருக்காது. அடுத்த காட்சிக்கு நிற்கிறவர் “எப்படிங்க?” என்றால், வலது உள்ளங்கையைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் ஆட்டுவார். இதுதான் கருத்தின் கரு நிலை. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அதற்கு வாய் முளைக்கிறது: “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே மாப்ள.” 1-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடிக்கும்போது, பக்கத்து சீட்டுக்காரர் சொன்னதும் சேர்ந்துகொள்கிறது. மாம்பழச்சாலையில் டைரக்டர் மேல் பழி விழும். ராஜகோபுரம் கண்ணில் படும்போது “பத்து வருஷம் முன்னாடி இதையே ஒருத்தன் நல்லா எடுத்திருப்பான்” என்று முடிந்திருக்கும். பார்த்த இடத்திலிருந்து விலக விலகக் கருத்து பலப்படுகிறது. 2022-ன் கடைசியில் பராமரிப்புக்காகப் பாலத்தை மூடி பஸ்களைச் சுற்றிவிட்டார்கள். பயணம் நீண்டது; அந்தப் பருவத்தில் ஸ்ரீரங்கம் வந்துசேர்ந்த கருத்துகள் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தது என் நேரடி அவதானிப்பு.

அந்த வருஷம் வந்த படம் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம். 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்து ஐந்து பாகப் புத்தகமான நாவல் அது. படம் பார்த்த கூட்டத்தில் நாவலை முழுக்கப் படித்தவர்கள் “அவ்வளவையும் எடுக்க முடியுமா, பாவம்” என்று இழுத்தார்கள். முதல் பாகத்தோடு நிறுத்தியவர்கள் “நந்தினிக்கு நியாயம் செய்யவில்லை” என்றார்கள். அட்டையை மட்டும் அறிந்தவர்கள்தான் “கல்கி இருந்திருந்தா கண்ணீர் விட்டிருப்பார்” என்றார்கள். கல்கி திருச்சியில் படித்தவர். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளியை விட்டவர். பிற்பாடு ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கச்சேரிகளையும் படங்களையும் விளாசியவரும் அவரே. ஆனால் அவர் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு எழுதினார். முறையியல் நோக்கில் அது பலவீனம். கேட்டுவிட்டு எழுதினால், கேட்ட இன்னொருவர் மறுக்க முடியும்.

விதி இந்தக் காலத்தது என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. ராமாயணத்தை அரங்கேற்ற வந்த கம்பரிடம், முதலில் தில்லை தீட்சிதர்கள் மூவாயிரவரின் ஒப்புதலை வாங்கிவாருங்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் அனுப்பியதாகச் செவிவழிக் கதை. கவனியுங்கள், இன்னும் ஒரு பாட்டுகூட யாரும் கேட்கவில்லை. சென்சார் சர்டிபிகேட்டுக்கு இந்த மண்ணில் இவ்வளவு பழைய வேர் இருப்பது நமக்குப் பெருமைதான். அலைந்து திரும்பிய கம்பர் பாட ஆரம்பித்தார். இரணியன் வதை வந்ததும் “இது வால்மீகியில் இல்லையே” என்று எதிர்ப்பு கிளம்பியது. பக்கத்திலிருந்த மேட்டழகிய சிங்கர் சந்நிதியில் நரசிம்மரே தலையசைத்து ஆமோதித்தார் என்று கதை முடிகிறது. இதை பக்தர்கள் ஒருவிதமாகப் படிப்பார்கள். நான் ஆய்வாளனாகப் படிக்கிறேன். சம்பவத்தை நேரில் பார்த்த ஒரே சாட்சி நரசிம்மர். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, தலையை மட்டும் அசைத்தார். தியேட்டர் வாசலில் உள்ளங்கை ஆட்டியவருக்கும் அவருக்கும் வேறுபாடு அதிகமில்லை.

மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததற்கு அன்று சண்டை, மூலத்தில் இருப்பதை விட்டதற்கு இன்று சண்டை. இரண்டுக்கும் நடுவே சுஜாதா நிற்கிறார். திருவல்லிக்கேணியில் 1935-ல் பிறந்து, பாட்டியிடம் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எஸ். ரங்கராஜன். அவருடைய ‘ப்ரியா’ நாவல் 1978-ல் படமானபோது வக்கீல் கணேஷாக ரஜினிகாந்த் நடித்தார். “கணேஷ் இப்படியா இருப்பான்?” என்று இன்றைக்கும் சித்திரை வீதியில் கொதிப்பவர்களைக் காணலாம். கணேஷ் எப்படி இருப்பான் என்று கேட்டால் மூக்கு, உயரம், பேச்சு எல்லாம் ஆளுக்கொன்றாக வரும். கணேஷை யாரும் பார்த்ததில்லை என்பதே இதன் பலம். இதைவிடச் சுத்தமான சான்றும் இருக்கிறது. சுஜாதாவின் முதல் கதை திருலோக சீதாராம் நடத்திய ‘சிவாஜி’ பத்திரிகையில் 1953-ல் வந்தது. அதன் பிரதி அவர் கையிலேயே இல்லாமல் பிற்காலத்தில் தேடிக்கொண்டிருந்தார். அந்தக் கதையில்தான் சுஜாதாவின் உண்மையான வீச்சு இருந்தது என்று என்னிடம் அடித்துச் சொன்ன ரசிகரை நான் மறுக்கவில்லை. எதை வைத்து மறுப்பது?

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலைச் சொல்ல வேண்டும். ‘ரங்கராஜன் எழுதியது’ என்று ஸ்ரீரங்கத்தில் ஒருவர் ஆரம்பிக்கும்போது எந்த ரங்கராஜன் என்று குறித்துக்கொள்ளாவிட்டால் தரவு கெட்டுவிடும். கவிஞர் வாலியும் டி.எஸ். ரங்கராஜன்தான், 1931-ல் திருப்பராய்த்துறையில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். அறுபதைத் தாண்டிய வயதில் ‘காதலன்’ படத்துக்கு ‘முக்காலா’ எழுதினார். ராமகாதையை ‘அவதார புருஷன்’ என்று புதுக்கவிதையில் எழுதியதும் அவரே. ‘முக்காலா’வைக் கண்டிப்பவர்கள் அதை முழுக்கக் கேட்டதில்லை, ‘அவதார புருஷன்’ போல வருமா என்பவர்கள் அதை முழுக்கப் படித்ததில்லை. ஒரே ஆசிரியரின் இரு படைப்புகளில் விதி இரண்டு திசையிலும் வேலை செய்வது உலக ஆய்வரங்குகளில் வைக்கத் தக்க செய்தி.

சங்கீதம் கொஞ்சம் தொல்லை தரும் துறை. கேட்காமல் கருத்துச் சொன்னால் சபாவில் மாட்டிக்கொள்வோம். இருந்தாலும் ரசிகர்கள் வழி கண்டிருக்கிறார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி வரிசை எழுந்து காபிக்குப் போகும். திரும்பி வந்து உட்காரும்போது “தனி இன்னிக்கு சுமார்” என்பார்கள். மிருதங்கத்துக்குப் பேர்போன ஊர் இது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடரான திருச்சி சங்கரன் 1971-ல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கப் போனார். அங்கே மாணவர்கள் தனிக்கு எழுந்து போவதில்லையாம். அதனால்தானோ என்னவோ, கனடாவில் தனி குறித்து உறுதியான கருத்து உருவாகவில்லை.

பாகவதர் விஷயம் தனி அத்தியாயத்துக்குரியது. ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப்.ஜி. நடேசய்யர் கையில் சிறுவனாக லோகிதாசன் வேஷம் கட்டிய எம்.கே. தியாகராஜ பாகவதர், 1934-ல் ‘பவளக்கொடி’யோடு படத்துக்கு வந்தார். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்டது. அந்த வருஷக் கடைசியிலேயே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். 1947-ல் விடுதலையாகி வந்தபோது ஊரே பாகவதர் பாகவதர் என்றது. அடுத்து வந்த ‘ராஜமுக்தி’க்கு அந்த ஊர் வரவில்லை. பொதுவாக இதை ரசிகனின் நன்றிகெட்டதனம் என்று எழுதுவார்கள். அவசர முடிவு அது. “பாகவதர் மாதிரி வருமா?” என்ற கருத்து எழுபது வருஷமாக ஒரு கீறலுமின்றி நிற்பதற்கு, ரசிகர்கள் சரியான நேரத்தில் படம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டதே காரணம். போய்ப் பார்த்திருந்தால் கருத்து அடிபட்டிருக்கும்.

பாலக்கரை ரவுண்டானாவில் சிவாஜி கணேசனுக்குச் சிலை வைத்து, திறக்காமல் வருஷக்கணக்கில் மூடிவைத்திருந்தார்கள். சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த பிள்ளை அல்லவா, ஊருக்கு அக்கறை அதிகம். மூடியிருந்த காலம் பூராவும் அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் “மூக்கு சரியா வரல” என்ற கருத்தை நான் கேட்டிருக்கிறேன். விதிக்கு இதற்குமேல் ஒரு கல்வெட்டுச் சான்று வேண்டியதில்லை.

சீரியல் பற்றிச் சுருக்கமாக. இன்றைய வெப் சீரிஸை ஹாஸ்டல் பிள்ளைகள் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு “ஸ்லோவா இருக்கு” என்கிறார்கள். அதை அவர்களோடே விட்டுவிடலாம். நாற்பதைத் தொட்டவர்கள் அத்தனை பேரும் “மர்மதேசம் மாதிரி வராது” என்கிறார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தத் தொடரின் ‘விடாது கருப்பு’ ஓடியபோது இவர்கள் போர்வைக்குள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்த தலைமுறை. குதிரைச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

கடைசியாக, விதியைச் சோதனைக்கு உட்படுத்தினேன். கீழ உத்திர வீதியில் ஒரு மாமா. புதுப்படம் எதுவானாலும் திண்ணையில் உட்கார்ந்தபடியே தீர்ப்பு சொல்வார். “மாமா, படம் பாத்தேளா?” என்றேன். “பாக்கணும்னு என்னடா இருக்கு? போஸ்டர்லயே தெரியறதே.” வற்புறுத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அழைத்துப்போனேன். பெயர்கள் ஓடி முடிவதற்குள் தூங்கிவிட்டார். இடைவேளையில் எழுந்து பாப்கார்ன் விலையைக் கேட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். நான் மட்டும் கண் கொட்டாமல் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அடுத்த காட்சிக்கு நின்ற பையன் ஒருவன் என்னிடம் வந்தான். “படம் எப்படிண்ணே?”

“அதாவது தம்பி, ஒரு விதத்துல நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த அண்ணன் கேரக்டர் இருக்கே, அதை அவங்க எதுக்காக...”

பையன் பாதியிலேயே மாமா பக்கம் திரும்பினான். “ஹீரோவுக்குப் பேச வரலை. பாட்டு ரெண்டு தேறும். கிளைமாக்ஸ் முன்னாடியே தெரிஞ்சுடும். பால்கனில உக்காரு, கீழ ஏசி பத்தாது” என்றார் மாமா. பையன் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, கூட்டாளிகளிடம் அப்படியே ஒப்பிக்கப் போனான்.