கொடை வள்ளல்களின் 73 சென்ட்

கர்ணன் செத்துப்போனான் என்று யார் சொன்னது? எந்தச் சிற்றூர் நகராட்சியிலும் தானப்பத்திரக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். மனைப்பிரிவு போட்டவர்கள் அத்தனை பேரும் வள்ளல்கள். சாலையைத் தானம் கொடுத்திருக்கிறார்கள், பூங்காவுக்கு நிலத்தைத் தானம் கொடுத்திருக்கிறார்கள். கவச குண்டலம் ஒன்றுதான் பாக்கி.

பூங்கா தானத்துக்கு விதி உண்டு. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டால் திறந்தவெளி விட வேண்டியதில்லை. 10,000 வரை என்றால் சாலை போக மீதியில் பத்து விழுக்காடு விட வேண்டும், இயலாதென்றால் வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கும் மேலே போனால் நிலமாகவே எழுதித் தர வேண்டும். 3,000 சதுர மீட்டர் என்பது சுமார் 74 சென்ட். நம் வள்ளல்களுக்கு 73 சென்ட் மீது ஏன் இவ்வளவு பக்தி என்று இப்போது புரிந்திருக்கும். ஐந்து ஏக்கர் வயலை ஏழாக நறுக்கு. அண்ணன் பேரில் ஒன்று, மச்சான் பேரில் ஒன்று, சமையல்காரர் பேரில்கூட ஒன்று. ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு என்று பெயர் வை. பிள்ளைகள் பந்து விளையாட ஒரு முழம் இடம் விடாமல் ஐந்து ஏக்கரும் விலைபோய்விடும். எல்லாம் விதிப்படி! ஏழு கோப்பிலும் கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு அந்த வயல் ஒரே வயல் என்று தெரியாதாம். நேரில் போய்ப் பார்த்தவரும் அவர்தான்.

தப்பித் தவறி நிலமாகவே கொடுத்தால் எந்த மூலையைக் கொடுப்பார்கள்? ஓடையை ஒட்டிய பள்ளம், அல்லது உயரழுத்த மின்கம்பிக்கு நேர் கீழே இருக்கும் துண்டு. விற்க முடியாத மண்ணைத்தான் தானம் என்கிறோம். அதில் முதலில் ஒரு பெயர்ப்பலகை முளைக்கும், அப்புறம் கட்சிக் கொடிக்கம்பம், அதன் நிழலில் ஒரு பிள்ளையார். பிள்ளையாரும் வராமல் தப்பிய இடத்தில் நகராட்சியே குப்பையைக் கொண்டுவந்து நுண் உரக்கூடம் கட்டும். கேட்டால், அதுவும் பொதுப் பயன்பாடுதானே என்பார்கள். உங்கள் குப்பை, உங்கள் பூங்கா, உங்கள் மூக்கு.

மன்றத்தில் யாரும் கேட்பதில்லையா? கேட்கிறார்கள். வடிகால் வேண்டும் என்று உறுப்பினர் எழுந்து நிற்பார். "நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும். எல்லா நகராட்சிகளிலும் பாராமல் ஒப்பிக்கப்படும் மந்திரம் அது. வெளிநடப்பு நடக்கும், வெளியே தேநீரும் நடக்கும். பிறகு அறுபது தீர்மானங்கள் அரைமணி நேரத்தில் ஒருமனதாக நிறைவேறும். அபூர்வமாக வடிகால் கட்டியும் விடுவார்கள். அது எங்கே போய்ச் சேரும்? அடுத்த மனைப்பிரிவின் வாசலில். அதற்கப்பால் வேறு வார்டு, வேறு டெண்டர், தண்ணீர்தான் வார்டு எல்லையைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டது. அதில் முதல் வரியே நகரத் திட்டமிடல். நம் மாநிலத்தில் திட்டமிடுவது நகர் ஊரமைப்பு இயக்ககம், சாக்கடை நாற்றத்துக்குப் பதில் சொல்வது வார்டு உறுப்பினர். அந்த உறுப்பினரும் இல்லாமல் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தனி அலுவலர்களே நகரங்களை ஆண்டார்கள். ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது, சென்னைக்கு வெளியிலும் 100 விழுக்காடு வரை. ஜனநாயகம் திரும்பிவிட்டதை ரசீதோடு உறுதிசெய்தார்கள்.

உச்சக்கட்டம் வரன்முறைத் திருவிழா. 2016 செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. விளைநிலத்தைக் கூறுபோட்டுக் கொடி கட்டி, வேன் அனுப்பி, பிரியாணி போட்டு விற்றவர்கள் நடுங்கியிருக்க வேண்டும். நடுங்கியவர்கள் வாங்கியவர்கள். 2017 மே மாதம் அரசு வழி கண்டுபிடித்தது: 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனை என்றால் வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டி நேராக்கிக்கொள்ளலாம். விற்றவர் லாபத்தோடு அடுத்த வயலுக்குப் போய்விட்டார், தண்டம் கட்ட வரிசையில் நின்றவர் நகையை அடகு வைத்து மனை வாங்கிய ஆசிரியை. வளர்ச்சிக் கட்டணம் வாங்கினீர்களே, வளர்ச்சி எங்கே? இன்றும் செப்டிக் டேங்க் லாரிதான் அவர் தெருவுக்கு வரும் ஒரே பொதுச் சேவை, அதற்கும் அவரே காசு கொடுக்கிறார்.

நீர்நிலையில் விழுந்த மனைக்கு வரன்முறை கிடையாது என்கிறது விதி. நல்ல விதி. நெல்லையின் புதிய பேருந்து நிலையம் இருக்கும் இடத்தின் பெயர் வேய்ந்தான்குளம். குளத்தில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு, பேருந்து நிலையம் கட்டினால் வளர்ச்சி.

வரன்முறைத் திட்டத்துக்கு நீட்டிப்பு மேல் நீட்டிப்பு கொடுத்த கருணை உள்ளங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த வரன்முறைக்கான தேதியைக் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊருக்கு வெளியே புதிய வயலில் பாதிக் கல்தான் ஊன்றியிருக்கிறது, புரோக்கர்கள் காத்திருக்கிறார்கள்.