சாக்கு மூட்டையில் சரஸ்வதி

கனம் பொருந்திய பல்கலைக்கழக நூலகக் கட்டடச் சீரமைப்புக் குழுவினர் சமூகத்திற்கு, மேற்படி நூலகத்தின் பழைய வாசகனும், தற்போது அதன் வாசலை மாத்திரம் தரிசித்துத் திரும்புகிறவனுமாகிய அடியேன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

சீரமைப்பு வேலை நடக்கும் காலத்திலும் நூலகச் சேவை எள்ளளவும் தடைப்படாது என்று தாங்கள் கதவில் ஒட்டிய சுற்றறிக்கையை நம்பாதவர்கள் இவ்வளாகத்தில் பலர் உண்டு. அவர்களுடைய அவநம்பிக்கைக்கு ஆதாரமில்லை என்பதற்கு நானே சாட்சி. சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் ஒரு மேஜை போட்டு, அதன்மேல் வருகைப் பதிவேட்டை வைத்து, களவு போகாதபடி பேனாவையும் நூலால் கட்டியிருக்கிறீர்கள். வருகிறவர் பெயர், துறை, வந்த நேரம், போகும் நேரம் யாவற்றையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும். பையை வெளியே வைத்துவிட வேண்டும் என்ற விதியோ, உள்ளே என்பதே இல்லாமற்போன பின்பும் பூரண சிரத்தையுடன் அனுஷ்டிக்கப்படுகிறது. நாளிதழ்கள் வருகின்றன. தாமதக் கட்டணம் வசூலாகிறது. இரவல் பெற்ற நூலைத் திருப்பிக் கொடுக்கப் போனால், வைக்க இடமில்லை, வேலை முடியும்வரை உங்களிடமே இருக்கட்டும் என்று அன்பொழுகச் சொல்லுகிறார்கள். அப்படி இருப்பதற்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று கணினி தன் பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே போகிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய மாணவர்கள், நூலைத் திருப்பினாலொழிய 'நோ டியூஸ்' கிடையாது என்று ஒரு ஜன்னலிலும், நூலைத் திருப்பி வாங்குவதில்லை என்று அடுத்த ஜன்னலிலும் பதில் பெற்று, இரண்டுக்கும் நடுவே நின்று தத்துவ விசாரத்தில் ஆழ்ந்திருக்கிறார்கள். சேவை தடைப்பட்டது என்று இனி எவர் வாய் திறக்க முடியும்?

நூல்களை இடம் பெயர்த்த கைங்கரியத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அலமாரியில் நூல்கள் நிற்கும் வரிசையானது, தலைமுறை தலைமுறையாக நூலகர்கள் ஒவ்வொரு நூலின் பொருளையும் ஆராய்ந்து, இனம் பிரித்து, முதுகில் எண்ணிட்டுக் காப்பாற்றி வந்த அரிய செல்வம் என்று ஒரு மூடநம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வந்தது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அதைச் சில நாட்களிலேயே நிவர்த்தி செய்துவிட்டார்கள். மூட்டை சாயாமல் நிற்க வேண்டுமானால் ஒரே உயரமுள்ள நூல்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பௌதிக நியாயத்தை அனுசரித்து, தொல்காப்பிய உரையையும் தோல் நோய்ச் சிகிச்சையையும், தாவர சாஸ்திரத்தையும் தண்டனைச் சட்டத்தையும் ஒரே சாக்கில் இட்டு, சணற்கயிற்றால் வாயைக் கட்டி, தேர்வுக் கூடத்து மாடிக்கு அனுப்பிவைத்தார்கள். எந்தச் சாக்கில் எது என்று வெளியே ஒரு எழுத்துக்கூட எழுதப்படவில்லை; சமத்துவம் என்பதை இதற்குமேல் எவ்வாறு ஸ்தாபிப்பது?

இதற்கு மேனாட்டு முன்மாதிரியும் உண்டு என்பதைத் தங்களைத் தூஷிப்பவர்கள் அறியார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பாட்லியன் நூலகத்தார், புதிய பாட்லியன் எனப்பட்ட கட்டடத்தைப் புதுப்பிப்பதற்காக 2011-இல் மூடி, வெஸ்டன் நூலகம் என்ற பெயருடன் 2015-இல் மறுபடி வாசகர்க்குத் திறந்தனர். மூடுவதற்கு முன்னரே, சுமார் 45 கிலோமீட்டர் தொலைவில் ஸ்விண்டன் நகருக்கு அருகே பெருங்கிடங்கு ஒன்றை எழுப்பி, 2010-இல் அதைத் திறந்தார்கள்; பின்பு நூல்களும் வரைபடங்களும் பிறவுமாக 60 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை அங்கே கொண்டுசேர்த்து, பொருள் வரிசையை விட்டுவிட்டு உயர அகலம் பார்த்தே அடுக்கினார்கள். நாம் செய்ததும் அதுவேயன்றோ? ஒரு சிறு வித்தியாசம் மட்டும் உண்டு: அவர்கள் ஒவ்வொன்றின்மேலும் பட்டைக்குறி ஒட்டி, இன்னது இன்ன தட்டில் இருக்கிறது என்று பதிந்துகொண்டு, வாசகன் கேட்டதை வேனில் ஏற்றி அன்றாடம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அனுப்பினார்கள். அயலாரின் நல்ல ஏற்பாட்டில் சிரமமில்லாத பாதியை ஏற்றுக்கொண்டு, சிரமமுள்ள பாதியை அவர்களுக்கே விட்டுவிடும் பெருந்தன்மை நமக்குப் புதிதல்ல. நம்முடைய கணினிப் பட்டியலோ, எந்த நூலைக் கேட்டாலும் அலமாரியில் உள்ளது என்றே இன்றளவும் சாதிக்கிறது. அலமாரிகள் பழைய இரும்புக்கு எடைபோடப்பட்ட செய்தியை அதற்குச் சொல்லுவார் இல்லை.

நூலக ஊழியர்கள் சிலருக்கு இதில் மனக்குறை உண்டு என்று கேள்விப்படுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு தளத்தை மட்டும் காலி செய்யலாம். மூட்டைக்கு ஓர் எண்ணிட்டு, அதற்குள் எந்த எண் முதல் எந்த எண் வரை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளலாம். காலையில் கேட்புச் சீட்டு வாங்கி, மாலையில் நூலை எடுத்துத் தரலாம். மாணவர் அதிகம் புரட்டும் பாட நூல்களை அந்தந்தத் துறைக்கே அனுப்பிவிடலாம் என்றெல்லாம் அவர்கள் யோசனை சொன்னார்களாம். மதிப்பீட்டில் டைல்ஸுக்குக் கலம் இருந்தது. பொய்க்கூரைக்கும், நுழைவாயில் நீரூற்றுக்கும் இருந்தது. சாக்கின்மேல் எண் எழுதும் மைக்கு மட்டும் இல்லை. கலமில்லாத செலவைத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வாரா? எனவே யோசனை நிராகரிக்கப்பட்டது நியாயமே. நூலகரையே குழுவில் சேர்க்காமல் விட்டதும் தீர்க்கதரிசனமே; சேர்த்திருந்தால் நூல்களைப் பற்றிய பேச்சு வந்து கூட்டங்கள் நீண்டிருக்கும்.

ஆகஸ்டு 12-ஆம் தேதி நூலகர் தினத்தன்று எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களின் படத்துக்கு மாலையிடும் வழக்கத்தையும் தாங்கள் கைவிடவில்லை. நம் படம் மூட்டையோடு மூட்டையாகப் போய்விட்டதனால் பக்கத்துக் கல்லூரியில் ஒரு படம் இரவல் வாங்கினீர்கள் என்பதை அறிந்து நெகிழ்ந்தேன். இவ்வாண்டில் இந்த நூலகத்தின் பொருட்டு நிகழ்ந்த ஒரே இரவல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அப்பெரியவர், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம், விடுமுறை என்பதே இல்லாமல் உழைத்தவர். தமக்குத் திருமணமான அன்று பிற்பகலே வேலைக்குத் திரும்பிவிட்டார் என்பார்கள். தரையில் டைல்ஸ் பதிப்பதற்காக வாசகனைத் திருப்பி அனுப்பலாம் என்ற எண்ணம் அவருக்கு உதித்திராதது அக்காலத்தின் குறைபாடு. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகனுடைய பொழுதை வீணாக்காதிருப்பதைப் பற்றியது. அதைத் தங்களைப்போல் நிறைவேற்றியவர் உலகில் இல்லை. தேடுவதற்கு நூலே இல்லாதபோது தேடும் நேரம் முழுவதும் மிச்சந்தானே!

ஒரு விஷயத்தில் மாத்திரம் பகடியை ஒதுக்கிவைத்துப் பேச அனுமதி வேண்டுகிறேன். நூல் கனமான பொருள். இந்தியத் தரநிர்ணயம் வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் பாரம் விதிக்குமானால், நூல் அடுக்கும் அறைக்கு 6-க்குக் குறையாமல் விதிக்கிறது. அடுக்கு உயர உயர அதற்கும் மேலே. தேர்வுக் கூடத்தின் மாடி, மாணவரும் மேஜையும் அமர்வதற்காகக் கட்டப்பட்டது. அதன்மேல் மூட்டைகளைக் கூரை முட்ட ஏற்றியிருக்கிறீர்கள். கீழ்த்தளத்தில் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிறார்கள். ஒரு பொறியாளரை அழைத்து அந்தத் தளத்தை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையும் நெருங்குகிறது. ஜன்னலோரச் சாக்குகளில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கச் சில நாட்களே போதும். பூஞ்சணம் பிடித்த நூலை எந்த டைல்ஸும் மீட்டுத் தராது.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் எழுந்தருள இருப்பதாகவும், அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாகவும், அதில் அரிய நூல் கண்காட்சி என்று ஓர் அம்சம் இருப்பதாகவும் கேள்வி. திறப்பு விழாக்களில் விபரீதம் நேர்வதும் உண்டு. மேற்சொன்ன புதிய பாட்லியனை 1946-இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் திறக்கப் போனபோது, கையிலிருந்த வெள்ளிச் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்துவிட்டது. அத்தகைய சங்கடம் நமக்கு வராதிருக்க ஒரு சிறு உபாயம் சொல்லுகிறேன். பட்டு நாடாவுக்குப் பதிலாகச் சாக்கு மூட்டை ஒன்றை மேடைக்குக் கொண்டுவந்து, அதன் சணற்கயிற்றை அமைச்சர் கையால் அறுக்கச் செய்யுங்கள். உள்ளிருந்து எந்த நூல் வெளிப்பட்டாலும் சபைக்கு அது அரிய நூலே. எங்களுக்கோ அதைவிட அரிது. அதன் எண்ணை யாராவது ஒரு தாளில் குறித்துக்கொள்ளட்டும். பிறகு அடுத்த மூட்டையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். குறித்துக்கொள்ள நாங்கள் வந்து உட்காருகிறோம், பையை வெளியே வைத்துவிட்டே.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
நிலுவையுள்ள வாசகன்