கிராம சபைக்குப் போயிராத மருமவனே!

ஏலே மருமவனே, நாளைக்கு மே 1, கிராம சபையாம். நீ போயிராத, வெயில்ல கறுத்துருவ. கட்டில்ல கிடந்தபடியே போன்ல ‘பூமியைக் காப்போம்’னு நாலு பேருக்குத் தட்டிவிடு. அதைப் பார்த்துட்டு மேகம் அளவாப் பெய்யும்.

2023 டிசம்பர்ல துபாயில உலகமே கூடிப் பருவநிலை மாநாடு நடத்துனாவல்லா? முடிஞ்சு ஒரு வாரம் ஆவல, நம்ம காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்துட்டு. குளங்குளமா கரை உடைஞ்சுது. வந்த வெள்ளம் துபாய்த் தீர்மானத்தைப் படிச்சிட்டா வந்துது? எந்த மடை அடைச்சிருக்கு, எந்த மறுகால் மண்ணு மூடிக் கிடக்கு, ஓடை எவன் வேலிக்குள்ள போயிட்டுன்னு பார்த்துத்தான் வந்துது. இதெல்லாம் ஐ.நா.வுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ வாயைத் திறப்பியா? ஓடையை அமுக்குனது உன் சித்தப்பனாச்சே!

அப்படியே போனாலும் கடைசி வரிசையில உக்காரு. கிளார்க்கு வரவு செலவு வாசிக்கையில கொட்டாவி விடு. மினிட் புக்குல ஒண்ணும் எழுதாத வெள்ளைப் பக்கத்தை நீட்டுவாவ, கமுக்கமாக் கையெழுத்தைப் போட்டுட்டு டீயைக் குடி. பொறவு அதுல எதை எழுதுனாலும் அது நீ நிறைவேத்துன தீர்மானம். ஆளு குறைஞ்சா, 100 நாள் வேலைக்குப் போற பொம்பளையாளுவளக் கூட்டியாந்து உக்கார வைப்பாவ. குளத்துக்குள்ள இறங்கி மண்ணள்ளுனவளுவ; எங்க மேடு, எங்க பள்ளம்னு இன்ஜினியரைவிட நல்லாத் தெரியும். அதனால மைக்கை மட்டும் அவளுவ கையில குடுத்துராத.

மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி ஆளுவளுக்கு உன்னளவு விவரம் பத்தாது. டங்ஸ்டன் சுரங்கம் வருதுன்னதும் கிராம சபையில வேண்டாம்னு எழுதி வச்சாவ, சுத்துப்பட்டு ஊரெல்லாம் சேர்ந்து மேலூர்ப் பக்கத்துல இருந்து மதுரைக்கு நடந்தாவ. 2025 ஜனவரியில சுரங்க ஏலமே ரத்தாயிட்டு. வெறும் தாளே சாதிச்சிட்டுன்னு நான் சொல்ல மாட்டேன், சட்டசபையும் தீர்மானம் போட்டுது. ஆனா ஊர்க்காரன் கையில அந்தத் தாளு இல்லைன்னா எதைக் காட்டிப் பேசியிருப்பான்?

என்ன, சட்டையை மாட்டுத? சரி, போறதுன்னா ஒண்ணு கேளு. நாளைக்கு விட்டா அடுத்தது ஆகஸ்ட் 15தான். அதுக்குப் பொறவு மழைக்காலம் வந்துரும். மறுகாலைத் தூர்வாரணும், ஓடையை அளக்கணும்னு எழுதச் சொல்லு. எழுதுனதை உரக்க வாசிக்கச் சொல்லு. கையெழுத்து அதுக்குப் பொறவு.