ஓடும் ஸ்கிரிப்டின் பேச்சை உடனுக்குடன் கோப்பில் ஏற்றுதல்: ஓர் ஆராய்ச்சி

ஸ்கிரிப்ட் எனப்படுவது, கணினி வரிசையாகச் செய்யவேண்டிய வேலைகளை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு ஒருவர் காபி குடிக்கப் போவதற்கு வகைசெய்யும் கட்டளைத் தொகுப்பாகும். அது ஓடும்போது திரையில் உதிர்க்கும் வரிகளை உதிரும் கணத்திலேயே கோப்பொன்றிலும் சேர்த்துவைக்க வேண்டும் என்னும் ஞானம், யூனிக்ஸ் வழிவந்த கணினிகளைப் புழங்குவோர்க்குப் பெரும்பாலும் முக்கியமான பிழைச்செய்தி திரையின் மேல்விளிம்பைத் தாண்டி மறைந்த பின்னரே பிறக்கிறது.

இத்துறையில் இரு கட்சிகள் உள. முதற்கட்சியார் கட்டளையின் இறுதியில் '>' குறியிட்டு வரிகளைக் கோப்புக்கே திருப்பிவிடுவர். அதனால் திரை வெறிச்சோடிவிட, வேலை நடக்கிறதா நின்றுவிட்டதா என்று தெரியாமல், இன்னொரு சாளரத்தைத் திறந்து அக்கோப்பின் கடைசி வரிகளையே பார்த்துக்கொண்டிருப்பர். இரண்டாங்கட்சியார், டக் மெக்கில்ராயின் விடாப்பிடியால் கென் தாம்சன் 1973இல் யூனிக்ஸில் அமைத்த 'பைப்' என்னும் குழாயை நாடுவர். ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலுக்கு உள்ளீடாகக் கொண்டுசேர்க்கும் அக்குழாயில், பிளம்பர் பொருத்தும் மூன்று வாய் இணைப்பின் பெயரையே தாங்கிய 'டீ' என்னும் கட்டளையைப் பொருத்தினால், வரிகள் திரைக்கும் கோப்புக்கும் ஒருங்கே பாயும். நேற்றைய பதிவின்மேல் இன்றையதைத் தொடர்ந்து எழுதுக என்று தனியே சொல்லாவிடில் 'டீ' நேற்றையதை முற்றாக அழித்துவிடும் என்பதை இக்கட்சியார் ஒருமுறைக்குமேல் மறப்பதில்லை.

இனி, நிரலின் பேச்சு இருவகைப்படும்: நற்செய்தி செல்லும் 1ஆம் எண் ஓடையும், பிழைச்செய்தி செல்லும் 2ஆம் எண் ஓடையும். முதற்கட்சியாரின் குறியும் குழாயும் இயல்பாக முன்னதை மட்டுமே ஏற்றுக்கொள்வதால், கோப்பில் வெற்றிகள் மட்டும் பதிவாகித் தோல்விகள் திரையோடு போய்விடும். அரசாங்க ஆண்டறிக்கைகளைப் படித்துப் பழகியவர்க்கு இதில் வியப்பில்லை. இரண்டையும் ஒன்றாக்கும் '2>&1' என்னும் தொடரை முதற்கட்சியார் கோப்பின் பெயருக்குப் பின்னும், இரண்டாங்கட்சியார் குழாய்க்கு முன்னும் இடவேண்டும்; இடம் மாற்றி இட்டால் பிழைகள் முன்போலத் திரைக்கே போகும்.

இவ்வளவும் செய்த பின்னரும் திரையிலும் கோப்பிலும் நெடுநேரம் ஒரு வரியும் தோன்றாதிருத்தல் உண்டு. 'டீ'யின் சோம்பலே இதற்குக் காரணம் எனின், அற்றன்று. 'டீ' தன் வெளியீட்டைத் தேக்கிவைத்தலாகாது என யூனிக்ஸ் வழிக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரநிலை விதித்துள்ளது. குற்றம் ஸ்கிரிப்டின் பக்கமே. எதிரில் திரை இருந்தால் வரிக்கு வரி பேசும் நிரல், குழாயோ கோப்போ இருக்கக் கண்டால் சொல்ல வேண்டியவற்றை 'பஃபர்' என்னும் இடைத்தேக்கத்தில் 4096 அல்லது 8192 பைட் சேரும்வரை அடக்கிவைத்து ஒருசேரக் கொட்டும். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டும் செலவாவதால், தமிழில் புலம்பும் ஸ்கிரிப்ட் தேக்கத்தை விரைவில் நிரப்பிவிடும் என்பது இம்மொழிக்கு வாய்த்த ஒரு சிறு நன்மை. தேக்கம் நிரம்புமுன் நிரல் வலுக்கட்டாயமாகக் கொல்லப்படுமாயின் அதன் கடைசி வரிகள், அதாவது எவற்றுக்காக இத்தனை ஏற்பாடும் செய்யப்பட்டதோ அவ்வரிகள், அதனுடனேயே மாயும்.

இதற்குப் பரிகாரமும் உண்டு. பைதான் மொழியில் எழுதிய நிரலை '-யூ' என்னும் குறியுடன் ஓட்டினால் அது தேக்காது பேசும். சி மொழியின் பொது நூலகத்தைச் சார்ந்த நிரல்களை வரிக்கு வரி பேசவைக்க வேறொரு கட்டளை உண்டு. பைதான் அதற்கு மசியாது.

மேற்கூறிய தேக்கத்தால் பெறப்படுவது, எதிரில் இருப்பது திரைதானா என்று உசாவியே நிரல் தன் நடத்தையை முடிவுசெய்கிறது என்பதாம். வண்ணம் பூசிய எழுத்துகளையும் நகரும் முன்னேற்றப் பட்டையையும் திரைக்கு மட்டுமே காட்டும் நிரல்கள் பல. எனவே உள்ளதை உள்ளபடி பதிவுசெய்ய விரும்புவோர் நிரலை ஏமாற்ற வேண்டியவராகின்றனர். யூனிக்ஸின் 3பிஎஸ்டி பதிப்புக் காலத்திலிருந்து வழங்கும், குழப்பத்துக்கென்றே 'ஸ்கிரிப்ட்' எனப் பெயரிடப்பட்ட கட்டளை, போலித் திரையொன்றை நிரலின் முன் நிறுத்தி, அது நம்பிப் பேசுவதையெல்லாம் கோப்பில் ஏற்றும். வண்ணக் குறிகளும், பட்டை நகர்ந்த ஒவ்வொரு படியும், தட்டச்சுவோர் பிழையாக அடித்து அழித்த எழுத்துகளும் அதில் விடாமல் ஏறுவதால், கோப்பைத் திறந்து பார்த்தோர் பதிவு கெட்டுவிட்டதாகக் கருதி அழித்துவிடுவதும் உண்டு.