டிரான்சிட் பொழுதில் ஊர்காணல்: சாங்கியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுத் தலைப்பு

மேற்கண்டதே.

ஆய்வு நோக்கம்

சென்னையிலோ திருச்சியிலோ விமானம் ஏறி, சிட்னிக்கோ சான் பிரான்சிஸ்கோவுக்கோ போகிற தமிழருக்கு, நடுவே சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காக ஐந்து முதல் பத்து மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. அப்போது அவருக்கு, "சும்மா உட்கார்ந்திருப்பானேன், ஓர் எட்டு ஊரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே" என்று தோன்றுகிறது. இந்தத் தோன்றல் எத்தனை வகைப்படும், அதற்கு இலக்கணம் உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதுவரை யாரும் இதை ஆராயாததற்குக் காரணம், ஆராயத் தேவை இல்லை என்பதுதான். தமிழாய்வு உலகில் அது ஒரு தடையாக என்றைக்கும் கருதப்பட்டதில்லை.

ஆய்வு எல்லை

கிழக்கே சாங்கி, மேற்கே முஸ்தபா சென்டர், தெற்கே மெர்லயன். வடக்கே போக நேரமில்லை.

கருதுகோள்

ஊர் பார்க்கத் திட்டமிடும் நேரம், ஊர் பார்க்கும் நேரத்தைவிட மிகுதி. இது கட்டுரையின் முடிவில் நிறுவப்படும். முடிவுரையை முதலில் எழுதி, நெறியாளரிடம் கையெழுத்து வாங்கிய பின் இயல்களை எழுதும் மரபு இங்கும் வழுவாமல் பின்பற்றப்பட்டுள்ளது.

ஆய்வு மூலங்கள்

முதன்மை ஆதாரம், பழைய பாஸ்போர்ட்டுகளுக்குள் மடித்துக் கிடந்த போர்டிங் பாஸ் துண்டுகள். துணைமை ஆதாரம், உறவினர் வாய்மொழி. இளம்பூரணம், சேனாவரையம் என உரைகளை உரைகாரர் பெயராலேயே வழங்குவது நம் வழக்கமாதலால், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா இட்ட குரல்பதிவு இனி 'மாமம்' எனப்படும் (நீளம் 4 நிமிடம், இதில் இருமல் 1 நிமிடம்). அத்தை அதற்கு எழுதிய மறுப்பு 'அத்தையம்'. மைத்துனர் கருத்து எதுவும் சொல்லாமல் அனுப்பிய ஒற்றை ஸ்கிரீன்ஷாட் 'மைத்துனீயம்'.

ஆய்வு முன்னோடிகள்

பேராசிரியர் ஒருவர் சாங்கியில் ஆறு மணி நேரம் கழித்ததன் பயனாக, சிங்கப்பூர்த் தமிழர் வாழ்வியல் பற்றி 240 பக்க நூல் ஒன்று வெளியிட்டார். அதில் முன்னுரையும் வாழ்த்துரைகளும் 90 பக்கம். ஊருக்குத் திரும்பியதும் அவரை அழைத்து ஒரு கல்லூரி பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்தியது. பன்னாடு என்பதற்கு ஆதாரம் அவருடைய பயணப்பையில் தொங்கிய விமான நிறுவனச் சீட்டு. அவர் யார் என்று கேட்க வேண்டாம். எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒருவர் இருக்கிறார்.

இயல் 1: நிலம்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். டிரான்சிட் கூடத்துக்குரிய நிலம் எது? பயணி இந்தியாவை விட்டு வெளியேறிவிட்டார். சிங்கப்பூருக்குள் இன்னும் நுழையவில்லை. தொல்காப்பியர் தனி நிலம் வகுக்காமல் விட்ட திணை பாலை. ஆகவே டிரான்சிட் கூடம் பாலையே என்பது மாமம். மூன்றாம் முனையத்தில் வண்ணத்துப்பூச்சித் தோட்டமும், எங்கு பார்த்தாலும் இலவசக் குடிநீர்க் குழாயும் இருக்கையில் அதைப் பாலை என்பது பொருந்தாது என்பது அத்தையம். பிரிவும் பிரிதல் நிமித்தமும் பாலைக்கு உரியன என்பதால், கணவன் கடைகளுக்கும் மனைவி நாற்காலிகளுக்கும் பிரிந்து செல்லும் இடத்தைப் பாலை எனலாம் என்று இருவரையும் சமாதானப்படுத்துவது நம் துணிபு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முதல் முனையத்தை ஒட்டி 2019இல் ஜூவல் என்னும் கண்ணாடி மாளிகை திறக்கப்பட்டது. அதன் நடுவே 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர்தான் உலகின் மிக உயரமான உள்ளரங்க அருவி. ஆனால் அது இருப்பது குடிநுழைவுச் சோதனைக்கு வெளியே, சிங்கப்பூரில். விமான நிலையத்தை விட்டு அகலாமலே நாட்டுக்குள் நுழைந்துவிடும் ஒருவர் ஊர் பார்த்தவர் ஆவாரா? ஆவார் என்பது மாமம். குற்றாலத்தில் குளித்தவளுக்கு, குளிக்க விடாத அருவி அருவியே ஆகாது என்பது அத்தையம். அத்தை வினாவையே மாற்றிவிட்டதால் விவாதம் இங்கு நிற்கிறது.

இயல் 2: பயணிகளின் வகைப்பாடு

விசாவினால் பயணிகள் மூவகையர்.

சிங்கப்பூர் விசா உடையோர்: போகலாம்.

எந்த விசாவும் இல்லாதோர்: நாற்காலிகள் வசதியானவை.

பிற நாட்டு விசாவைக் காட்டி நுழைவோர்: இவர்களே ஆய்வுக்கு உகந்தோர். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா முதலான சில நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், மேற்கொண்டு போகும் உறுதியான டிக்கெட்டும் உள்ள இந்தியப் பயணி, டிரான்சிட்டில் இருக்கையில் 96 மணி நேரம் வரை சிங்கப்பூருக்குள் இருக்க அனுமதி கோரலாம். வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கடைசிச் சொல் குடிநுழைவு அதிகாரியுடையது. வேறொருவர் கொடுத்த அனுமதியைக் காட்டி உள்ளே வரும் இம்முறை, அயல்நாட்டு அறிஞர் மேற்கோளைக் காட்டி ஆய்வரங்கில் நுழைவோருக்கு நன்கு பழக்கமானது.

நோக்கத்தினால் நால்வகையர்: பார்க்கப் போவோர், வாங்கப் போவோர், சாப்பிடப் போவோர், போனேன் என்று சொல்லப் போவோர். முதல் வகையினர் அருகிவருகின்றனர். இரண்டாம் வகையினர் சையத் ஆல்வி ரோட்டில் முஸ்தபாவுக்குள் நுழைந்தபின் அவர்களைப் பற்றிய தகவல் நமக்குக் கிடைப்பதில்லை. மூன்றாம் வகையினர் சிராங்கூன் ரோட்டில் தோசை உண்கின்றனர், மேலாய்வு தேவை. நான்காம் வகையினர் மெர்லயன் முன் வாயைத் திறந்து, அது கக்கும் நீரைக் குடிப்பதுபோல் படம் எடுத்துக்கொள்கின்றனர். 8.6 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிங்கமீன் 1972இல் நிறுவப்பட்டது. 1997இல் கட்டிய பாலம் அதை மறைத்ததால், 2002இல் அதையே பெயர்த்து இன்றைய இடத்துக்குக் கொண்டுவந்தனர். பயணி அங்கே நிற்பது பத்து நிமிடம். சிலை சரியான இடத்துக்குக் காத்திருந்தது ஐந்து ஆண்டு.

கோயில் காண்போர் தனிவகை. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் 1827இல் நாராயண பிள்ளை நிறுவிய மாரியம்மன் கோயில்தான் சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில், இருப்பது சைனாடவுனில். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதை மட்டும் எந்தத் திட்டமும் கணக்கில் கொள்வதில்லை.

இயல் 3: பொழுது, அல்லது இரண்டரைக் கோட்பாடு

இவ்வியலே கட்டுரையின் உயிர். ஏனையவற்றைப் பக்க எண்ணிக்கை கருதிச் சேர்த்தோம்.

நூற்பா:

இறங்கும் பொழுதும் ஏறும் பொழுதும்
கழிந்தபின் நிற்பது காணும் பொழுதே.

இதனால் சொல்லியது யாதோ எனின், டிக்கெட்டில் கண்ட நேரம் வேறு, கையில் கிட்டும் நேரம் வேறு என்றவாறு. 'கழிந்தபின்' என்பதற்குக் 'கழித்தபின்' எனவும் பாடம். அது வாய்பாடு தெரிந்தவர் திருத்தம். எடுத்துக்காட்டு: இடைவெளி ஏழு மணி நேரம் என்க. விமானத்தை விட்டிறங்கி நடந்து குடிநுழைவைத் தாண்ட ஒரு மணி. சாங்கியில் எம்ஆர்டி ரயில் ஏறி, தானா மேராவில் மாறி, ராஃபிள்ஸ் பிளேஸ் சேரக் காத்திருப்பும் சேர்த்து முக்கால் மணி. திரும்ப முக்கால் மணி. புறப்பாட்டுக்கு இரண்டு மணி முன்னதாக நிலையத்துக்குள் இருக்க வேண்டும். சாங்கியின் முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை ஏறுவாயிலிலேயே நடப்பதால், வாயில் வரை வந்தவர் வந்துசேர்ந்தவர் ஆகார். ஏழில் இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டரை மணி.

இந்த இரண்டரையைக் கண்ட ஆய்வாளர் எவரும் அமைதியாக இருந்துவிட முடியாது. ஏனெனில், குறைந்தது ஐந்தரை மணியும் 24 மணிக்குக் குறைவும் இடைவெளி உள்ளவர்களுக்குச் சாங்கி நடத்தும் இலவச ஊர்ச் சுற்றுலாவின் நீளமும் இரண்டரை மணி. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் நேர வேறுபாடும் இரண்டரை மணி. மூன்று இரண்டரைகள் ஒரே இடத்தில் கூடுவது தற்செயல் என்பார் அறியாதார். தற்செயலை ஒப்புக்கொண்டால் நம் துறைகளில் பாதியை மூட வேண்டிவரும்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. இந்திய-சிங்கப்பூர் இடைவெளி எல்லாக் காலத்திலும் இரண்டரையாக இருக்கவில்லை. சிங்கப்பூரின் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 1905இல் 7 மணி முன்னே ஓடியது. 1933இல் 7 மணி 20 நிமிடம். 1941இல் ஏழரை. 1942இல் ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரம், அதாவது 9 மணி. 1945இல் மறுபடி ஏழரை. பிறகு மலேசியா தன் மேற்குப் பகுதியின் கடிகாரத்தை சபா, சரவாக் நேரத்தோடு இணைக்கத் தீர்மானிக்க, சிங்கப்பூரும் கூடவே நகர்ந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 அடித்ததும் அங்கே புத்தாண்டு பிறந்தது. அதுமுதல் 8 மணி.

ஆக, 1982க்குச் சற்று முன் வேறுபாடு இரண்டே மணி. சாங்கி இயங்கத் தொடங்கியதோ 1981 ஜூலை 1. எனவே அந்த ஆறு மாதமும் நம் கோட்பாடு பொய்த்துவிடுகிறது. இதற்கு அஞ்சோம். ஆதாரத்துக்கு ஒத்துவராத பகுதியை இருண்ட காலம் என்று அழைக்கும் வசதியைக் களப்பிரர் விஷயத்திலேயே நாம் செய்துகொண்டாகிவிட்டது. சாங்கி முறைப்படி திறந்துவைக்கப்பட்டது 1981 டிசம்பர் 29. மூன்றாம் நாள் இரவே அந்த அரை மணி மறைந்து கோட்பாடு மெய்யாயிற்று என்பதை நோக்குக.

மறைந்த அரை மணி யாருக்குச் சேரும்? அதை இன்றைய பயணி தன் கணக்கில் கூட்டிக்கொள்ளலாம் என்கிறது மாமம் (இரண்டாம் குரல்பதிவு, முதல் இருமலுக்கும் இரண்டாம் இருமலுக்கும் இடைப்பட்ட பகுதி, பின்னணியில் குக்கர் விசில் மூன்று கேட்பதால் காலை நேரத்துப் பதிவு என்று துணியலாம்). கூட்ட முடியாது என்கிறது அத்தையம் (அதே குழு, மறுநாள், 'இதற்கு முன் அனுப்பியதை நீக்கிவிட்டேன், யாரும் பார்க்கவில்லையே?' என்ற அறிவிப்பை அடுத்த பத்தி). மைத்துனீயம் இரண்டையும் மறுப்பதாகத் தெரிகிறது. ஆனால் அந்த ஸ்கிரீன்ஷாட்டின் வலப்பக்கம் வெட்டுண்டு போனதாலும், மேல் மூலையில் பேட்டரி 4 விழுக்காடு காட்டுவதாலும், அது அவசரத்தில் இயற்றப்பட்ட நூல் என்றும், வெட்டுண்ட பகுதியில் 'வேண்டாம்' என்ற ஒரு சொல் இருந்திருக்கக்கூடும் என்றும், அச்சொல் பயணத்தைக் குறித்ததா இக்குழுவையே குறித்ததா என்று தெளியவில்லை என்றும் மூவேறு கொள்கைகள் நிலவுகின்றன. மூன்றும் எம்முடையவையே.

கோட்பாட்டின் நடைமுறைப் பயன் ஒன்றுண்டு. கைபேசி ஏர்பிளேன் மோடிலிருந்து வெளிவந்ததும் தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும். மாமா மணிக்கட்டில் இருக்கும் ஹெச்எம்டி மாற்றிக்கொள்ளாது. ஊர் நேரத்தைத் தொடக் கூடாது என்பது அவர் கொள்கை. விமானம் இரவு 8.00 மணிக்கு. முஸ்தபாவின் இரண்டாம் தளத்தில் நின்று அவர் கையைத் திருப்பிப் பார்க்கிறார். கடிகாரம் 5.30 காட்டுகிறது. இன்னும் முழுதாக இரண்டரை மணி இருக்கிறதே என்கிறார். அந்தக் கணத்தில் சிங்கப்பூரில் மணி 8.00.

இவ்விடத்தில் மாமம் நீண்ட நேரம் இருமுகிறது.

முடிவுரை

குழுவில் நடந்த விவாதம் மூன்று வாரம். அத்தையின் பட்டியலில் பொருள் 31. ஊர் பார்த்த நேரம் இரண்டரை மணி; அதில் கடையில் கழிந்தது இரண்டே கால். கருதுகோள் நிறுவப்பட்டது.

ஆய்வின் பயன் வேண்டுவோர் இவ்வளவு கொள்க. ஐந்தரை மணிக்குக் குறைவாக இருந்தால் நிலையத்துக்குள்ளேயே இருங்கள். ஐந்தரை முதல் ஏழு வரை என்றால், உள்ளே நுழைய விசா இருந்து இடமும் கிடைத்தால் இலவசச் சுற்றுலா, இடமில்லாவிட்டால் ஜூவல். ஏழுக்கு மேல் ரயில், ஆனால் ஓர் இடம் மட்டும். இரண்டாவது இடம் எழுதிய தாளைக் கிழித்துவிடுங்கள். விசா விதிகள் மாறக்கூடியவை. கிளம்புமுன் சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாமாவைக் கேட்காதீர்கள். விமானம் தரை தொட்டதும் முதல் வேலையாகக் கடிகாரத்தைத் திருப்புங்கள்.

சாங்கி நிலையத்திலிருந்து தானா மேராவுக்கு ரயிலில் பத்து நிமிடம்கூட ஆகாது. இதுவரை இக்கட்டுரையைப் படித்தவர் அதைத் தாண்டிப் போயிருக்கலாம்.