மூக்குத்திக்குத் தோதா ஒரு மூக்கு

ஏல பேராண்டி, பிள்ளை பொறந்து நாப்பது நாளாச்சு. புருசனும் பெண்டாட்டியுமா அந்தச் செல்போனை வச்சுக்கிட்டு என்னல நோண்டுதிய? பிள்ளை அங்க சேலைத் தொட்டில்ல கெடந்து கத்துது. கேட்டா, பேரு தேடுதியளாம். சரி, தேடுங்க. ஆனா தேடுத லட்சணம் இருக்கே! வீட்ல கூப்பிட 'அம்மு'ன்னு முதல்லயே முடிவாயிட்டாம். இப்போ அம்முன்னு சுருக்குத மாதிரி ஒரு பெரிய பேரு வேணுமாம். மூக்குத்தியை வாங்கி வச்சுக்கிட்டு, தோதா ஒரு மூக்கு கெடைக்குமான்னு அலையுத கதைதான்.

அதுலயும் ஒரு முட்டுக்கட்டை. பிள்ளை அசுவினி. பஞ்சாங்கத்துல சு, சே, சோ, லன்னு நாலே எழுத்துதான் போட்டிருக்கு. அம்முவுக்கு 'அ'னாவுக்கு எங்கல போவ? எண் கணக்குக்காரன் வேற, இங்கிலீசுல ஒரு எச்சு சேருங்கான். எச்சு சேத்தா பிள்ளை ரெண்டு வாய் பால் கூடக் குடிக்குமா?

எங்க காலத்துல செல்லப்பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? பேரன்னா யாரு? பெயரன். தாத்தா பேரைச் சுமக்கவன். எங்க அய்யா பேரு ஆறுமுகம். எனக்கு மூத்தவன் பொறந்ததும் அதே பேரு, பேச்சே இல்ல. ஆனா உங்க ஆச்சி மாமனார் பேரை வாயால சொல்லுவாளா? சொன்னா நாக்கு அழுகிரும்னு சொல்லியில்லா அவ ஆத்தா அனுப்பி வச்சிருக்கா. ரேசன் கடையில புருசன் பேரைக் கேட்டாலே பக்கத்துல நிக்கவளை விட்டுத்தான் சொல்லுவா. அப்போ பெத்த பிள்ளையை என்னன்னு கூப்பிட? 'பெரியய்யா'ன்னா. மரியாதைக்கு மரியாதை, பேரும் வாயில வரல. அந்தப் பய அம்மணமா மண்ணுல புரளுவான். "பெரியய்யா, சாப்பிட வாங்கய்யா"ன்னு தெருவெல்லாம் சத்தம் போடுவா. சேட்டை பண்ணினா முதுகுல ரெண்டு வச்சுட்டு, "பெரியய்யாவுக்குக் கொழுப்பைப் பாரு"ம்பா. மாமனார் மேல இருந்த பழைய கணக்கெல்லாம் அந்த முதுகுலதான் தீந்துச்சோன்னு எனக்கு இன்னமும் ஒரு சந்தேகம்.

இதுல உக்காந்து யோசிச்சது யாரு? வாய்க்கு வந்துச்சு, நின்னுட்டு.

அம்மு அம்முன்னு உயிரை விடுதியே, ஜெயலலிதாவை வீட்ல கூப்பிட்டது அம்முன்னுதான். 1948-ல மேல்கோட்டையில பொறந்தப்போ வச்ச பேரு கோமளவல்லி, பாட்டி பேரு. கோமளவல்லியில அம்மு எங்கல இருக்கு? ஜெயலலிதாவுல எங்க இருக்கு? ஆறு தடவை முதலமைச்சரா உக்காரலையா? அவியளும் இங்கிலீசுல கடைசியில ஒரு ஏ சேத்துக்கிட்டாவளேன்னு என்னை மடக்காத. அது போர்டுல எழுதுத பேருக்கு. அம்முவுக்கு எவனும் எழுத்து எண்ணல. எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு வீட்ல குஞ்சம்மா. அதுவும் இப்படித்தான்.

கட்டபொம்மன் தம்பி பேரு என்னல? உடனே ஊமைத்துரைம்ப. அது ஊரு வச்சது. பெத்தவுக வச்சது குமாரசாமி. 1801-ல பாளையங்கோட்டை செயில்ல இருந்து தப்பிச்சுப் போயி, இடிச்சுத் தள்ளின பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்பக் கட்டின ஆளு. அவருக்கே வச்ச பேரு நிக்கல, உன் பிள்ளைக்கு நிக்கவா போகுது? இந்தா, இடைசெவல்ல கதை எழுதின ஒருத்தருக்கு ஸ்ரீகிருஷ்ண ராஜ நாராயணப் பெருமாள் ராமானுஜம்னு வச்சாவ. மூச்சு வாங்குதுலா? ஊரு ரெண்டே எழுத்துல கி.ரா.ன்னு சோலியை முடிச்சிட்டு.

நம்ம வள்ளியூரு கொகைக்குள்ள நிக்க சாமிக்கு போர்டுல சுப்பிரமணிய சாமி. படியேறுத கெழவி என்ன சொல்லுதா? 'ஏ முருகா, முட்டு வலிக்கே'ங்கா.

சான்றிதழுக்கு நேரமாச்சேன்னு பதறாத, பேரு எழுதாமலும் பொறப்பைப் பதியலாம். ஒரு வருசத்துக்குள்ள காசில்லாம பேரு சேக்கலாம், பிந்தினா கட்டணம் கட்டி பதினஞ்சு வருசம் வரைக்கும் சேக்கலாம். அதுக்காக பிள்ளைக்கு மீசை மொளைக்கது வரை... சரி, பொட்டப்பிள்ளை, பூப்பெய்தது வரை உக்காந்துராத. 2023 அக்டோபர் 1-லயிருந்து பொறந்ததுகளுக்குப் பள்ளிக்கூடம், லைசென்சு, பாஸ்போர்ட்டு எல்லாத்துக்கும் அந்தப் பொறப்புச் சான்றிதழ்தான். ஒரு எச்சு எடம் மாறினா, பொறவு திருத்தத்துக்கு அலையப் போறது நீயா, எண் கணக்குக்காரனா? பேரு தேறுமான்னு பாக்கணுமா? வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடு. கீழத்தெருவுல வெளையாடுத பிள்ளைக்குக் கேட்டா அது பேரு. ரெண்டாந் தடவை மூச்சு எடுத்துச் சொல்லணும்னா அது கல்யாணப் பத்திரிகை.

நேத்தைக்குச் சாயங்காலம் உங்க ஆச்சி பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, கால்ல போட்டிருந்தா. எண்ணெய் மினுமினுப்புல அது கருகருன்னு கெடந்துச்சு. 'ஏ என் கருப்பட்டி'ன்னா. பிள்ளை பொக்கைவாயைத் தொறந்து சிரிச்சிட்டு. அம்புட்டுதான். காலையில பால்காரன் கேக்கான், "கருப்பட்டி முழிச்சாச்சா?"ன்னு. இப்போ உன் பெண்டாட்டியே அடுக்களையில இருந்து கத்துதா, "கருப்பட்டிக்கு ஊசி என்னைக்கு?"ன்னு. கேக்குதால?

எடுல அந்தச் செல்போனை. கருப்பட்டிக்குத் தோதா 'சு'வுல எதுவும் பேரு இருக்கான்னு பாரு.