பூனைக்கு மீசை, பேய்க்குக் கூட்டணி

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் நாலு வயதுப் பேத்தி, அக்டோபர் 31 ஹாலோவீனுக்குக் காகிதத்தில் ஏதாவது செய்து தரச் சொல்கிறாள். எனக்குக் கப்பல் மட்டும்தான் வரும். என்ன செய்ய?

பதில்: கப்பல் விட்டவருக்குப் பூனை எம்மாத்திரம்? 15 செ.மீ. சதுரக் கறுப்புத் தாளை மூலைக்கு மூலை முக்கோணமாக மடியுங்கள். நீளப் பக்கம் கீழே இருக்கட்டும். மேல் உச்சியைக் கொஞ்சம் கீழே மடக்கி, இரு பக்க மூலைகளையும் சாய்வாக மேலே ஏற்றி மடித்துத் திருப்புங்கள். பூனை முகம் தயார். காது கோணலா? விடுங்கள், சூனியக்காரி வீட்டுப் பூனைக்கு அழகிப் போட்டியா வைக்கிறார்கள்! கறுப்பில் ஸ்கெட்ச் பேனா எடுபடாது. கண்ணுக்கும் மீசைக்கும் வெள்ளைக் கிரேயான்.

இன்னும் கேட்டால், நீளமான வெள்ளைத் தாளை விசிறி மடிப்பாக மடித்து, மேலே ஒரு பேய் வரைந்து வெட்டுங்கள். பிரித்தால் கைகோத்த பேய்கள். பேயின் கைகள் இரண்டு ஓர மடிப்பையும் தொட வேண்டும். அந்த இடத்தை வெட்டிவிட்டால் கூட்டணி முறிந்து, பேய்கள் தனித்துப் போட்டியிடும். கத்தரிக்கோல் உங்களிடமே இருக்கட்டும். மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்க்கும் முக்கிய இலாகாவைப் பேத்திக்கு ஒதுக்குங்கள்.